வெஸ்ட் போட்டதும் உட்கார்ந்துவிடும் லாப்ரடார்

முதலில் வெஸ்டை, அதாவது உதவி நாய் என்று காட்ட மாட்டும் மேலுறையை, கழற்றிவிட்டு, வெறும் கழுத்துப்பட்டையோடு நடத்திப் பாருங்கள். வீட்டில் அப்பாவுக்கு நன்றாக உதவும் நாய், வெஸ்ட் மாட்டி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினால் மட்டும் உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள். அது அடம் இல்லை. பெரும்பாலும் வெஸ்டின் பட்டை உரசல்தான்.

முன்னங்காலைத் தூக்கி, அக்குள் மடிப்பில் முடியை விலக்கிப் பாருங்கள். தோல் சிவந்தோ முடி உதிர்ந்தோ இருந்தால் நெஞ்சுப்பட்டை அங்கேதான் அறுக்கிறது. புண் ஆறும்வரை வெஸ்ட் வேண்டாம். அப்புறம் மாட்டும்போது பட்டை அக்குளை ஒட்டாமல் கொஞ்சம் பின்தள்ளி இருக்கட்டும். அடியில் 2 விரல் நுழைய வேண்டும்.

அங்கே ஒன்றும் இல்லையா? அப்போது வெயிலாக இருக்கலாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம்மூர் ஏப்ரல் மதியத்தில் தடித்த நைலான் வெஸ்ட் கம்பளி போர்த்திய மாதிரி. வலைத்துணி வெஸ்ட் வாங்குங்கள், காலையிலேயே கிளம்புங்கள்.

நாயை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று யாராவது கேட்பார்களே என்று வெஸ்டை விடாமல் மாட்டுகிறீர்கள் போல. அமெரிக்கச் சட்டத்திலேயே உதவி நாய்க்கு வெஸ்ட் கட்டாயமில்லை. பார்ப்பவர்களுக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: வெஸ்ட் இல்லாமலும் உட்கார்ந்தாலோ, எழும்போது பின்னங்கால் தடுமாறினாலோ மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை சகஜம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.