வாஸ்கோ ட காமாவின் மறுப்புக் கடிதம்

கேள்வி: பிரேசிலின் வாஸ்கோ ட காமா கால்பந்துக் கழகம் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நின்றதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1898இல் ரியோ டி ஜெனிரோவில் படகுப் போட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட இக்கழகம், பின்னாளில்தான் கால்பந்துக்கு வந்தது. கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளைத் தொழிலாளர்களும் சேர்ந்து ஆடிய அதன் அணி, முதல் பிரிவுக்கு உயர்ந்த கையோடு 1923இல் ரியோ சாம்பியன் பட்டத்தையும் வென்றது. செல்வந்தர்களின் கழகங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே உள்ளிட்டவை மறு ஆண்டே தனிச் சங்கம் அமைத்து, அதில் வாஸ்கோ சேர வேண்டுமானால் அதன் ஆட்டக்காரர்களில் 12 பேரை விலக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. தொழிலும் சமூக நிலையும் காரணமாகக் காட்டப்பட்டாலும், உள்ளே இருந்தது நிறமும் வறுமையும்தான்.

1924 ஏப்ரல் 7 அன்று கழகத் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் பதில் கடிதம் எழுதினார். அந்த 12 பேரும் வாழ்க்கையைத் தொடங்கும் நிலையிலுள்ள இளைஞர்கள் என்றும், அவர்களுக்குக் களங்கம் உண்டாக்கும் செயலுக்கு அவர்களை ஏற்றுக்கொண்ட கழகம் ஒருபோதும் துணைபோகாது என்றும் அதில் தெளிவாகக் கூறி, சங்கத்தில் சேரும் எண்ணத்தையே கைவிட்டார். விளையாட்டு வரலாற்றில் இத்தனை கண்ணியமான மறுப்பு அரிது என்பேன்.

மறு ஆண்டு சங்கமே இறங்கிவந்து வாஸ்கோவைச் சேர்த்துக்கொண்டது. சொந்த மைதானம் இல்லை என்ற குறையையும், ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டி 1927இல் திறந்த சாவ் ஜனுவாரியோ அரங்கம் போக்கியது.