மெகாங் படகில் இரண்டு நாள்: பக்கத்து இருக்கைக்காரரோடு பழகுவது எப்படி?

கேள்வி: நண்பர்கள் நால்வர், லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு, மெகாங் ஆற்றில் மெதுவாகப் போகும் பயணிகள் படகான ஸ்லோ போட்டில் போகிறோம். பிற நாட்டவரோடு பழக ஆசை. கடைசிவரை நாங்களே பேசிக்கொண்டு இறங்கிவிடுவோமோ?

நால்வரும் ஒட்டி உட்கார்ந்தால் அதுதான் நடக்கும். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, சில வரிசைகள் தள்ளி உட்காருங்கள். படகு நீளமானது, குறுகலானது. பெரும்பாலும் பழைய கார், வேன் இருக்கைகளைத்தான் போட்டிருப்பார்கள். இன்ஜினும் கழிப்பறையும் பின்பக்கம். அங்கே மாட்டிக்கொண்டால் கத்தித்தான் பேச வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காதில் எதையாவது செருகிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். புறப்பட ஒரு மணி நேரம் முன்பே ஏறி, முன்பாதியில் இடம் பிடிப்பது நல்லது.

ஏறியவுடன் பேச்சுக் கொடுக்க அவசரம் வேண்டாம். காலையில் ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மதியத்துக்குள் மலையும் காடும் ஒரே மாதிரி தெரியத் தொடங்கும், அப்போதுதான் பேச ஆள் தேடுவார்கள். சீட்டுக்கட்டு ஒன்று கையில் இருக்கட்டும். ரம்மி சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். ஜோக்கரை விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். நம் 'கழுதை' ஆட்டம் போதும்: இறங்கிய இனத்தையே போட வேண்டும், இல்லாதவர் வெட்டுவார், பெரிய சீட்டு போட்டிருந்தவர் குவியலை அள்ளிக்கொள்வார். ஒரு சுற்று ஆடிக் காட்டினால் மொழி தெரியாதவருக்கும் பிடிபடும்.

உண்மையில் நட்பு கூடிவரும் இடம் படகு அல்ல, இரவு தங்கும் பாக் பெங். சின்ன ஊர். கரையிலிருந்து மேட்டில் ஏற வேண்டும். மூட்டை தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, "இரவு சாப்பாட்டுக்கு எங்களோடு வருகிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மறுநாள் வேறு படகு வரக்கூடும். எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். இரண்டாம் நாள் இடம் மாறி உட்காருவதற்கும் அது நல்ல சாக்கு.

கேள்வி: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

ஐரோப்பியர்களிடம் சம்பளம், வயது, "ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை" மூன்றும் முதல் நாளில் வேண்டாம். எங்கிருந்து வருகிறார்கள், அடுத்து எங்கே, போன இடத்தில் எது ஏமாற்றமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பேச்சு நீளும். புத்தகத்தில் கண் வைத்தபடி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் விட்டுவிடுங்கள். கோபமில்லை, தனிமை வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: நாம் ஆமோதித்துத் தலையை ஆட்டுவது பலருக்கு மறுப்பாகவோ குழப்பமாகவோ படும். வாய்விட்டு 'ஆம்' சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வழியில் ஏறி இறங்கும் லாவோ கிராமத்து மக்களோடு?

வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இவர்களைத்தான். 'சபாய்தீ' என்று கைகூப்பினால் பாதி வேலை முடிந்தது. தாய்லாந்து மொழி கொஞ்சம் தெரிந்தால் அதுவும் எடுபடும், தாய்லாந்து டிவி பார்த்துப் பழகியவர்கள் பலர். இங்கே வயது, பிள்ளைகள் பற்றிய விசாரிப்பு சகஜம்; மூத்தவரை 'ஆய்' (அண்ணன்), இளையவரை 'நோங்' என்று உறவு சொல்லியே அழைப்பார்கள்.

கால்தான் வம்பு. எதிர் இருக்கை மீது நீட்டினால், அங்கே இருப்பவரை உள்ளங்காலால் சுட்டுவதாகிவிடும். மடக்கிக்கொள்ளுங்கள். குழந்தையானாலும் தலையைத் தொடக் கூடாது. புத்த பிக்குகளைப் பெண்கள் தொடுவதில்லை, பக்கத்தில் உட்காருவதும் இல்லை. எதையாவது கொடுப்பதென்றால் அருகில் வைத்துவிடலாம். கேட்டுவிட்டே படம் எடுங்கள். கரையில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு மிட்டாயோ காசோ வேண்டாம், அது பிச்சைக்குத்தான் பழக்கும்.

கேள்வி: நான் சைவம். அன்போடு நீட்டுவதை எப்படி மறுப்பது?

முழுக்க மறுக்க வேண்டியதில்லை. மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றில் ஒரு கவளம் எடுத்து, விரலால் உருட்டிச் சாப்பிடுங்கள், கொடுத்தவர் மனம் நிறைந்துவிடும். பப்பாளிக்காய் சாலட்டில் 'பாதேக்' என்ற நொதித்த மீன் குழம்பு சேர்ந்திருக்கும். லுவாங் பிரபாங்கின் 'ஜேயோ போங்' மிளகாய்த் துவையலில் எருமைத் தோல் உண்டு. நீங்களும் கொறிக்க ஏதாவது கொண்டுபோய் முதலில் நீட்டுங்கள். பீர் வந்தால் ஒரே கிளாஸ் கைமாறிச் சுற்றும். குடிக்காதவர் புன்னகையோடு நெஞ்சில் கை வைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம்.

கேள்வி: தொடர்பு எண்களை எப்போது வாங்குவது?

இரண்டாம் நாள் மதியமே. லுவாங் பிரபாங் படகுத்துறை நகரிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது, படகு கரை தட்டியதும் மூட்டைக்கும் துக்-துக் வண்டிக்கும் ஆளாளுக்கு ஓடுவார்கள், பேச வாய்க்காது. யார் யார் ஒரே வண்டியில் போவது, வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதையும் படகிலேயே பேசி, சில்லறை கிப் (லாவோஸ் பணம்) நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.