பாலாற்றங்கரையில் ஒரு ரத்தக்காட்டேரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் குடியாத்தம். நான் கதை எழுத, நண்பன் வரைய, வேலூரில் நடக்கிற ஒரு திகில் காமிக்ஸ் செய்துகொண்டிருக்கிறோம். கறுப்பு வெள்ளை, ஏ5 அளவு, 22 பக்கம். ஒரு ரத்தக்காட்டேரி ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் திருடுகிறான். ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் அவனைத் துப்பறிகிறார். முதல் பத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சிலரிடம் கொடுத்தோம். ‘நல்லாயிருக்கு, ஆனா பயமா இல்ல’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ராத்திரிக் காட்சிகள் கரி அப்பியதுபோல வருகின்றன. ஏட்டு கடைசியில் எப்படி ஜெயிப்பது என்றும் பிடிபடவில்லை. டிராகுலா நாவல், டைலன் டாக் காமிக்ஸ் எல்லாம் படித்திருக்கிறோம். எங்கே இடிக்கிறது?

ஆர்., குடியாத்தம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் அனுப்பிய பத்துப் பக்கங்களையும் பார்த்தேன். பயம் வராததும் முடிவு கிடைக்காததும் ஒரே கோளாறுதான். உங்கள் காட்டேரி மூன்றாம் பக்கத்தில் புகையாகிறான், ஐந்தில் சுவரேறுகிறான், எட்டில் ஏட்டின் மனத்தைப் படிக்கிறான். எல்லாம் முடிகிறவனை எவராலும் துப்பறிய முடியாது. வெறும் பேய்க்கதை என்றால் பரவாயில்லை, பேய் வந்தது, அடித்தது, போனது என்று விட்டுவிடலாம். துப்பறிகிறவர் ஒருவர் உள்ளே வந்தபிறகு, காட்டேரியால் எது முடியாது என்பதுதான் கதை. அதை வாசகரிடம் முன்பே காட்டிவிடவும் வேண்டும். இருபதாம் பக்கத்தில் ஏட்டு கையிலெடுக்கப்போவது ஆறாம் பக்கத்திலேயே ஏதோ ஒரு மூலையில் கிடந்திருக்க வேண்டும்.

டிராகுலா படித்ததாகச் சொல்கிறீர்கள், ஆனால் பக்கங்களில் தெரிவது சினிமா டிராகுலாதான். 1897இல் வந்த நாவலில் அவன் வெயில் பட்டு எரிவதில்லை. பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான், சக்தி மட்டும் குறைந்திருக்கும். வெயிலில் அழிகிற வழக்கம் 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. நாவலின் முடிவில் டிராகுலாவின் நெஞ்சில் மரமுளையும் இறங்குவதில்லை. ஒருவர் கூர்க்கா கத்தியால் கழுத்தை அறுக்க, இன்னொருவர் வேட்டைக்கத்தியை நெஞ்சில் பாய்ச்சுகிறார். கட்டுப்பாடுகளுக்கோ குறைவில்லை. வீட்டிலிருப்பவர் ஒருவர் முதல்முறை அழைக்காமல் அவன் உள்ளே வர முடியாது. ஓடும் நீரைக் குறிப்பிட்ட வேளைகளில்தான் தாண்டலாம். கண்ணாடியில் தெரியமாட்டான், நிழல் விழாது. சொந்த ஊர் மண் வேண்டும், அதற்காக 50 பெட்டி மண்ணைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறான். பிற்பாதியில் பெரும்பகுதி அந்த ஐம்பது பெட்டிகளையும் தேடுகிற வேலை. சரக்கு ரசீது, வண்டிக்காரர்களுக்கு வாங்கிக்கொடுத்த தண்ணி, வீட்டுப் பத்திரம் என்று போகிறது. ஒரு ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு செய்கிற விசாரணை இது.

உங்கள் பக்க அளவுக்கு, கண்ணாடியில் தெரியாததைத் தவிர, மூன்று விதி போதும். அவற்றை வேலூரிலிருந்தே எடுக்கலாம்.

ஓடும் நீரைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான், காட்பாடிப் பக்கமிருந்து ஆற்றுக்குள் இறங்கி நடந்தே வேலூருக்கு வந்துவிடுவான். 2021 நவம்பரில் வந்தது மாதிரி வெள்ளம் வந்தால்தான் அக்கரையில் மாட்டிக்கொள்வான். மணலுக்கடியில் ஊறுகிற தண்ணீர் கணக்கில் சேராது என்று நீங்களே தீர்மானித்து எழுதிவிடுங்கள். கோட்டை அகழி இன்னொரு வசதி. ஏட்டு அதை நம்பி ஒரு குடும்பத்தைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் பதுக்குகிறார். அகழியில் இருப்பது நிற்கிற தண்ணீர் என்பது அவருக்கு நடுராத்திரியில் உறைக்கிறது. அவர் செய்கிற தப்பு இதைப்போல விதிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அழைப்பு. இதற்கு ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைப் போல ஒரு களம் கிடைக்காது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள், வங்காள எழுத்தில் போர்டுகள், வராந்தாவில் காயும் துணி. மேனேஜர் ‘வாங்க’ என்றால் காட்டேரி ரிசப்ஷன் வரைக்கும் வரலாம். அறைக்குள் நுழைய அந்த அறையில் குடியிருப்பவர் சொல்ல வேண்டும். அறை காலியானால் அந்த அழைப்பும் செல்லாது, அடுத்து வருகிறவரிடம் மறுபடி வாங்க வேண்டும். இந்த ஒரு விதி போதும், லாட்ஜ் ரிஜிஸ்டரே துப்பாகிவிடும். செத்தவர்கள் எல்லாரும் வந்து இறங்கிய முதல் ராத்திரியிலேயே செத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? புதிதாக வந்தவர்கள்தான் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுவருகிறவனை முகம் பார்க்காமல் ‘உள்ள வாப்பா’ என்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணுவது. கிழக்கு ஐரோப்பிய நம்பிக்கையில் கல்லறையைச் சுற்றிக் கசகசாவோ தினையோ இறைத்துவைப்பார்கள், காட்டேரி அதை ஒவ்வொன்றாக எண்ணிமுடிக்காமல் நகரமாட்டான். இதை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு சேர்த்துப் பாருங்கள். சிவராத்திரியை ஒட்டிய அமாவாசையில் பாலாற்றங்கரையில் தேர் நிற்கிறது, கூட்டத்தின் தலைக்குமேல் சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் சூறையாகப் பறக்கின்றன. வேஷம் கட்டியவர்கள் நடுவே கோரைப்பல்லோடு ஒருவன் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்று நம்பித்தான் காட்டேரி அங்கே வருகிறான். வந்தவன் குனிகிறான், எண்ணத் தொடங்குகிறான். உங்கள் முடிவு இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் ஒரு பக்கத்தில் அவன் பொரிகடை வாசலில் சிந்திக்கிடக்கும் பொட்டுக்கடலையைப் பார்த்துத் தயங்கி நிற்பதை ஒரு சின்ன கட்டத்தில் வைத்துவிடுங்கள், வசனம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: காட்டேரியம்மன் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். உங்கள் வில்லனை வெளியூர்க்காரனாகவே வைத்துக்கொள்ளுங்கள், அவளை இழுக்காதீர்கள்.

ரத்த வங்கித் திருட்டை எடுத்துவிடச் சொல்வேன். பை காணாமல்போனால் பயப்பட ஆளில்லை. வைத்தே தீருவேன் என்றால் துப்பாக மட்டும் வையுங்கள். 350 மி.லி. பையில் ரத்தம் உறையாமலிருக்க 49 மி.லி. மருந்துக் கரைசல் சேர்ந்திருக்கும், 2 முதல் 6 டிகிரிக்குள் 35 நாள் வரை தாங்கும், ஒவ்வொரு பைக்கும் நம்பர் உண்டு. நீங்கள் வரைந்திருப்பதுபோல அலமாரியில் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பிணத்தைக் கவனியுங்கள். கழுத்தில் இரண்டு ஓட்டையைப் பார்த்தவுடன் ஏட்டு காட்டேரி என்று சொல்லிவிடுகிறார், மூன்றாவது கட்டத்தில் மர்மம் முடிந்துபோகிறது. இறந்த உடலில் ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கி, ஓரிரு மணி நேரத்தில் தோலில் ஊதாத் திட்டாகத் தெரியும். உடம்பில் இருக்கிற ஏறக்குறைய 5 லிட்டரில் பெரும்பகுதி போய்விட்டால் அந்தத் திட்டு வெளிறியிருக்கும் அல்லது இருக்காது. மல்லாக்கக் கிடக்கும் உடம்பைப் பிணவறை ஊழியர் புரட்டுகிறார், முதுகு வெள்ளையாக இருக்கிறது, பழைய ஏட்டு ஒன்றும் பேசாமல் படுக்கையைப் பார்க்கிறார், விரிப்பில் ஒரு சொட்டுகூட இல்லை. ஓட்டையை இரண்டு பக்கம் கழித்துக் காட்டலாம். வழக்குப் பதிவிலும் ஒரு திருத்தம். சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ‘174’ போடுவது 2024 ஜூன் வரைதான், அதற்குப் பிறகு நடக்கும் கதையில் புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 194ஆம் பிரிவு. கதையை எழுபதுகளுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஸ்டேஷன் போர்டில் வட ஆற்காடு மாவட்டம் என்று வரவேண்டும்.

டைலன் டாக்கை உங்கள் ஏட்டுக்கு அளவாக வைக்காதீர்கள். 1986இல் இத்தாலியில் தொடங்கிய அந்தத் தொடரில் ஒரு கதை நூறு பக்கத்தை ஒட்டி ஓடும். நாளைக்கு 50 பவுண்டு கூலி, அலறுகிற காலிங்பெல், கிளாரினெட், உதவியாளன் குரூச்சோவின் அறுவை ஜோக் எல்லாவற்றுக்கும் அங்கே இடமிருக்கிறது. உங்கள் ஏட்டுக்கு ஒரு பழக்கம் போதும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: டைலனிடம் வருகிறவர்கள் போலீஸ் நம்பாமல் திருப்பியனுப்பியவர்கள். உங்கள் கதையில் ஏட்டை யாருமே தேடி வரவில்லை, அவராகவே போய் நுழைகிறார்.

இப்போது பக்கம். 22 என்பது தாளுக்கு ஒத்துவராது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நான்கின் மடங்காகத்தான் வரும், ஆகவே 24, அட்டை தனி. முதல் பக்கம் வலது கைப்பக்கம், அதனால் இரட்டைப்படைப் பக்கங்கள் எல்லாம் தாளைப் புரட்டியவுடன் இடது பக்கம் வரும். அதிரவைக்கிற படம் அங்கேதான் இருக்க வேண்டும். நீங்கள் பல்லை ஒன்பதாம் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். எட்டைத் திறந்ததுமே எதிரே ஒன்பதில் பல் தெரிந்துவிடுகிறது, பிறகு எட்டாம் பக்கத்தை யார் படிப்பார்கள்? ‘பயமா இல்ல’ என்பதில் பாதிக்கு மேல் இதுதான்.

ஏழாம் பக்கத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். நான்காவது கட்டத்தில், அறைக்குள்ளிருந்து பார்க்கிறோம்: திறந்த கதவு, ஃபிளாஸ்க்கோடு ஒருவன், முகம் கதவு நிழலில். ஐந்தாவது கட்டம் கட்டிலில் இருக்கும் அம்மாவின் முகம், ‘உள்ள வாப்பா’. ஆறாவது கட்டம் சின்னது: வாஷ்பேசின் கண்ணாடி, அதில் திறந்த கதவு, வராந்தா டியூப்லைட், ஆள் இல்லை. வசன பலூனும் வேண்டாம், ‘திக்’ என்ற எழுத்தும் வேண்டாம். தாளைப் புரட்டினால் எட்டாம் பக்கத்தின் மேல்பாதி முழுக்க அவன், கட்டிலுக்குப் பக்கத்திலேயே. கண்ணாடியைக் கவனிக்காத வாசகரும் திடுக்கிடுவார், கவனித்தவர் புரட்டுவதற்கே யோசிப்பார்.

இரண்டு பக்கம் சேர்ந்த படம் போட நடுத்தாளான 12–13 மட்டும்தான் ஒரே தாளில் வரும். மயானக் கொள்ளையை 20–21இல் விரித்தால் இரண்டு பாதியும் வெவ்வேறு தாளில் அச்சாகும், ஒன்றிரண்டு மி.மீ. தள்ளிப்போகும். முகம், கை எதுவும் மடிப்பில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரி அப்புவதற்குக் காரணம் உங்கள் நண்பரின் கோடு. ஏ4இல் 0.1 பேனாவால் நெருக்கமாகக் கோடு இழுத்து நிழல் போட்டிருக்கிறார். ஏ5க்குச் சுருங்கும்போது எல்லாம் 71 சதவீதமாகிறது, கோட்டுக்கு நடுவே இருக்கிற வெள்ளை அடைத்துக்கொள்கிறது. மிக மெல்லிய கோடு 0.3, கோடுகளுக்கு நடுவே அதைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி. ராத்திரிக் காட்சியில் கோட்டு நிழலே வேண்டாம், முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள்: வராந்தா டியூப்லைட், தள்ளுவண்டி பல்பு, ஆட்டோ ஹெட்லைட். ஒரு கட்டத்துக்கு ஒன்றுதான். 1972 முதல் 1979 வரை வந்த மார்வெலின் டிராகுலா தொடரை ஜீன் கோலன் 70 இதழும் வரைந்தார், முகத்தில் பாதியை இருட்டில் விடுவது எப்படி என்று பார்க்க அது நல்ல பாடம்.

கறுப்பு வெள்ளையில் ரத்தமும் கறுப்புதான், இருட்டில் காணாமல்போகும். அதை வெள்ளைமேல் மட்டும் சிந்தவிடுங்கள், ஆஸ்பத்திரி விரிப்பு, வேட்டி, சுண்ணாம்புச் சுவர். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. ராத்திரிக் கட்டத்தில் மிகப் பிரகாசமான பொருள் வசன பலூன்தான், கண் முதலில் அங்கே ஓடும். காட்டேரி இருக்கும் கட்டத்தில் பலூனைக் குறையுங்கள். அவன் மொத்தக் கதையிலும் நாலு வார்த்தை பேசினால் நல்லது.

ஏட்டும் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு பலூனில் 12 முதல் 15 சொல், பக்கத்துக்கு 80ஐத் தாண்ட வேண்டாம். ‘விசாரித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் அந்த ஒரு சொல்லே பலூனை அகலமாக்கிப் படத்தைத் தின்றுவிடும், ‘விசாரிச்சிட்டிருக்கேன்’ போதும். அச்சில் எழுத்து 9 புள்ளிக்குக் கீழே போனால் ணு, னு, ழு எல்லாம் அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளியை ஆங்கில அளவில் விட்டால் மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘கி’ மேல் உட்காரும்.

ஸ்கேன் 600 டிபிஐ, பிறகு சாம்பலில்லாத தூய கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சேமியுங்கள். ஜேபிஜி வேண்டாம், கோட்டோரத்தில் அழுக்கு படியும். படம் ஓரம்வரை போகிற பக்கங்களில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். எழுத்தை எழுத்துருவாக விடாமல் வளைகோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் ஆகத்தான் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கணினியில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஜெராக்ஸை வைத்துக் கறுப்பை முடிவு செய்யாதீர்கள், அகலமான கறுப்பு அதில் திட்டுத்திட்டாக வெளுக்கும். அச்சிடப்போகும் அதே தாளில் 7, 8 இரண்டு பக்கங்களையும் முன்னும் பின்னுமாக ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். தாள் மெலிசாக இருந்தால் எட்டாம் பக்கத்துக் காட்டேரி ஏழாம் பக்கத்திலேயே நிழலாகத் தெரிவான். அப்படித் தெரிந்தால் 80 ஜிஎஸ்எம்முக்கு மேலே கனமான தாளுக்குப் போய்விடுங்கள்.