ஸ்போர்ட்ஸ் கார் டெவலப் பண்றப்ப லாபத்தையும் ஹார்ஸ்பவரையும் எப்படி பேலன்ஸ் பண்றாங்க? வேணும்னே பவரை குறைச்சு விக்கிறது ஏமாத்து வேலை இல்லையா?

கேள்வியில ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன், ஏன்னா 1990கள்ல போர்ஷே கம்பெனிக்கு நடந்ததை எடுத்துக்கிட்டா ரெண்டும் ஒரே கதைக்குள்ள வந்துடும். நான் ஆட்டோ பார்ட்ஸ் தயாரிக்கிற ஒரு கம்பெனியில காஸ்ட் எஸ்டிமேஷன் பாக்குறேன், டூலிங் (பார்ட் செய்ய வேண்டிய அச்சு, கருவி) செலவு, பீஸ் ரேட், ரிஜெக்‌ஷன் இதான் தினசரி வேலை. அதே சமயம் சின்ன வயசுல இருந்தே போர்ஷே மேல உயிரு. அதனால இந்த ரெண்டு பக்கத்தையும் நான் எதிரிகளா பாத்ததே இல்லை. (இங்க சொல்ற நம்பர் எல்லாம் ஜெர்மன்காரங்க கணக்குல வர ஹார்ஸ்பவர்.)

முதல்ல ஹார்ஸ்பவருக்கு எங்கெங்க செலவு ஆகுதுன்னு பார்த்துடலாம். இன்ஜின்ல 100 கூட்டினா அந்த செலவு இன்ஜினோட நிக்காது. பெட்ரோல்ல இருக்குற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தான் வண்டிய தள்ளுது, மிச்சம் எல்லாம் சூடு, அந்த சூட்டை வெளிய தள்ள ரேடியேட்டர் பெருசாகணும், ரேடியேட்டருக்கு காத்து வர பம்பர்ல ஓட்டை பெருசாகணும், ஓட்டை பெருசானா காத்து இழுவை கூடும். டார்க் (சுழற்றுற விசை) ஏறினா கியர்பாக்ஸ், கிளட்ச், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் அதை தாங்கணும், வேகம் ஏறினா பிரேக் டிஸ்க் பெருசு, டயர் அகலம், கடைசியில வெயிட் ஏறி நிக்கும், அப்புறம் அந்த வெயிட்டை இழுக்க மறுபடி பவர் பத்தலைன்னு ஆரம்பிப்பாங்க. 2005ல வந்த புகாட்டி வேரான் 1,001 ஹார்ஸ்பவர், அதுல 10 ரேடியேட்டர். மொத்தமே 450 கார் தான் செஞ்சாங்க. ஒரு டை (பார்ட் செய்யற அச்சு) போட்டா அதோட செலவை எத்தனை பீஸ்ல பிரிக்கிறோம்ங்கறது தான் எங்க தொழிலோட அடிப்படை, அந்த காருக்காக செஞ்ச ஆராய்ச்சி, டெஸ்டிங், டூலிங் எல்லாத்தையும் 450ல பிரிச்சா என்ன வரும்னு யோசிச்சு பாருங்க. பின்னாடி வோக்ஸ்வாகன்னு அவ்ளோ பெரிய குரூப் இருந்ததால தான் அந்த கார் ரோட்டுக்கே வந்துச்சு.

போர்ஷேவுக்கு அன்னைக்கு அப்படி ஒரு பின்பலம் இல்லை. 1980கள் நடுவுல 959ன்னு ஒரு கார் செஞ்சாங்க, ட்வின் டர்போ, நாலு வீல் டிரைவ், 450 ஹார்ஸ்பவர், அந்த காலத்துல உலகத்துலயே வேகமான ரோட் கார்கள்ல ஒண்ணு. வித்த விலையை விட செஞ்ச செலவு ரொம்பவே அதிகம்னு எல்லாருக்கும் தெரியும். அது வீணா போகலை, அங்க கத்துக்கிட்ட நாலு வீல் டிரைவ் பாடமும் ட்வின் டர்போ பாடமும் பின்னாடி வந்த 911கள்ல (போர்ஷேவோட முக்கியமான ஸ்போர்ட்ஸ் கார்) இறங்குச்சு. ஆனா பாடம் கத்துக்கறதுக்கும் கையில காசு வேணும்ல. டாலர் மதிப்பு சரிஞ்சுது, 1987 அக்டோபர்ல பங்குச்சந்தை விழுந்துச்சு, அமெரிக்காவுல 1986ல சுமார் 30,000 கார் வித்த கம்பெனி 1993ல 4,000 கூட விக்க முடியாத நிலைக்கு வந்துடுச்சு. 1992-93 நிதியாண்டுல நஷ்டம் சுமார் 24 கோடி மார்க் (ஜெர்மனியோட அன்றைய பணம்). கம்பெனியை யார் வாங்கப் போறாங்கன்னு வெளிய பேச்சே ஓட ஆரம்பிச்சுடுச்சு.

எஸ்டிமேஷன் பாக்குற ஆளா எனக்கு வலிக்கிற இடம் எதுன்னா, அந்த சமயத்துல அவங்க கிட்ட இருந்த மூணு கார். 911க்கு பின்னாடி காத்துல குளிர்ற ஆறு சிலிண்டர் இன்ஜின். 968க்கு முன்னாடி தண்ணியில குளிர்ற நாலு சிலிண்டர். 928க்கு முன்னாடி வி8. மூணுக்கும் சேத்து பொதுவா போடுற மாதிரி பெரிய பார்ட் எதுவுமே இல்லை, ஒவ்வொண்ணுக்கும் தனி டை, தனி சப்ளையர், தனி ஸ்டாக், இதுல 928 கடைசியா 350 ஹார்ஸ்பவர் வரைக்கும் வந்துச்சு, நல்ல கார், யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா வாங்க ஆள் இல்லை. பவர் கூட்டினா ஆள் வருவாங்கங்கற நம்பிக்கை அங்கயே பொய்யாயிடுச்சு.

அப்புறம் வெண்டலின் வீடெகிங் வந்தார். ப்ரொடக்‌ஷன் ஆளா வந்து சீக்கிரமே கம்பெனிக்கு தலைவரானவர். டொயோட்டாவுல வேலை பார்த்த பழைய ஆளுங்க நடத்துன ஷிங்கிஜுட்சுங்கற கன்சல்டன்சியை ஜெர்மனிக்கே கூட்டிட்டு வந்தார், ஜெர்மன் தொழிலாளிகளுக்கு அது எவ்ளோ கௌரவ பிரச்சனையா இருந்திருக்கும்னு யோசிங்க. ஆள் உயரத்துக்கு மேல ரேக்கு, அதுல ஏறி ஏறி பார்ட்ஸ் தேடிட்டு இருந்திருக்காங்க, வீடெகிங்கே ரம்பத்தை எடுத்து ரேக்கோட மேல் பாதியை அறுத்துப் போட்டார்ங்கறது இந்த ஃபீல்டுல இருக்குறவங்க எல்லாரும் கேள்விப்பட்ட சம்பவம். ஒரு 911 செய்ய 120 மணி நேரம் ஆனது சில வருஷத்துல 72 மணி நேரத்துக்கு வந்துச்சு. கவனிங்க, இதுல ஒரு ஹார்ஸ்பவர் கூட ஏறலை, ஒண்ணு கூட குறையவும் இல்லை, காரோட விலைக்கும் அடக்கத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி மட்டும் மாறுச்சு. லாபம்னதும் எல்லாரும் இன்ஜினைத்தான் பாக்குறாங்க, எங்க வேலையில லாபம் அதிகம் ஒளிஞ்சிருக்கறது ஸ்டோர்ஸ்லயும் ரீவொர்க் டேபிள்லயும் தான்.

அடுத்து வந்தது தான் உங்க கேள்விக்கு நேர் பதில். 1993 ஜனவரியில டெட்ராய்ட் கார் ஷோவுல பாக்ஸ்டர்ங்கற கூரை திறக்கிற சின்ன காரோட கான்செப்ட்டை (முன்மாதிரியை) காட்டினாங்க, 1996ல கார் விற்பனைக்கு வந்துச்சு. ஆராய்ச்சி தலைவரா இருந்த ஹோர்ஸ்ட் மார்ஹார்ட் பக்கத்துல இருந்து வந்த யோசனை, ஒரு காருக்கு ஆகுற செலவுல ரெண்டு கார். பாக்ஸ்டரும் அதுக்கு அடுத்த வருஷம் வந்த புது 911ம் (996ன்னு சொல்லுவாங்க) முன்பக்கம் ஒரே மாதிரி, பானெட், ஃபெண்டர், ஹெட்லைட், டோர் எல்லாம் பொதுவு, இன்ஜினும் ஒரே குடும்பம். பாக்ஸ்டருக்கு 2.5 லிட்டர், 204 ஹார்ஸ்பவர். 911க்கு 3.4 லிட்டர், 300 ஹார்ஸ்பவர். அமெரிக்காவுல பாக்ஸ்டர் விலை 40,000 டாலருக்கு கொஞ்சம் கீழ, 911 சுமார் 65,000 டாலர்.

இப்ப அந்த 204ங்கற நம்பர் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. அதுக்கு முந்தின 911லயே 272, 285 ஹார்ஸ்பவர் எடுத்த கம்பெனி அது, நடுவுல இன்ஜின் வச்ச லேசான காருக்கு அதைவிட கூட கொடுக்க தெரியாம இல்லை. 65,000 டாலர் காரை வாங்க வந்தவன் 40,000 டாலர் காரோட திரும்பி போயிடக் கூடாது, அதே சமயம் 40,000 கொடுத்தவனுக்கு நம்மகிட்ட இருக்குறது உண்மையான போர்ஷேங்கற நிறைவு வரணும். ரெண்டுக்கும் நடுவுல விழுந்த நம்பர் தான் 204ன்னு நான் நம்புறேன். இன்னொண்ணு, பாக்ஸ்டர் மணிக்கு 240 கிலோமீட்டர் போகும், 996 கரேரா (911ஓட அடிப்படை மாடல்) 280 போகும். பவர் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, டாப் ஸ்பீடு ஆறுல ஒரு பங்கு தான் கூட, ஏன்னா வேகம் ஏற ஏற காத்தை கிழிக்க வேணும்கற பவர் வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும். சாதாரண ரோட்டுல ஓட்டுறவனுக்கு அந்த வித்தியாசம் கையில கிடைக்கவே போறதில்லை, வளைவுல ஸ்டியரிங் சொல்ற சேதி ரெண்டு கார்லயும் கிடைக்கும். அதனால இதை நான் ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். 204ன்னு எழுதி 204 கொடுத்தாங்க, அந்த 204க்கு ஏத்த பிரேக்கும் சேஸியும் கொடுத்தாங்க. பாக்ஸ்டர் நல்லா வித்துச்சு, ஜெர்மனி ஃபேக்டரி பத்தாம 1997ல இருந்து ஃபின்லாந்துல வால்மெட் கம்பெனியிலயும் அசெம்பிள் பண்ண வேண்டியதா போச்சு.

அந்த ஹெட்லைட்டுக்கு வாங்குன திட்டு கொஞ்ச நஞ்சம் இல்லை. பொரிச்ச முட்டை மாதிரி இருக்கு, 65,000 டாலர் கொடுத்தவன் முகமும் 40,000 கொடுத்தவன் முகமும் ஒண்ணா இருக்குன்னு 911 ரசிகர்கள் கொதிச்சாங்க. அவங்க கோபம் எனக்கு புரியுது, ஆனா என் கணக்குல ஹெட்லைட்டையும் டோரையும் பொதுவாக்கினது சரியான இடத்துல பிடிச்ச காசு. ஓட்டுறவன் கைக்கும் முதுகுக்கும் அது தெரியவே தெரியாது.

தப்பான இடம்னு நான் நினைக்கிறது இன்ஜினுக்குள்ள. அந்த புது இன்ஜின்ல, வால்வுகளை திறக்கிற கேம்ஷாஃப்ட்டுக்கு சுழற்சியை எடுத்துட்டு போற இன்டர்மீடியட் ஷாஃப்ட்டோட ஒரு முனையில சீல் பண்ண பால் பேரிங் வச்சாங்க. பழைய 911 இன்ஜின் வழியில வந்த டிசைன்ல அந்த இடத்துல ஆயில் பிரஷர்ல ஓடுற, உருண்டை இல்லாத ப்ளெயின் பேரிங். புது பேரிங் சில கார்கள்ல உடைஞ்சுது, உடைஞ்சா சும்மா போகாது, மொத்த இன்ஜினையும் கூட்டிக்கிட்டு போயிடும். அமெரிக்காவுல வழக்கு போட்டு 2013ல செட்டில்மென்ட் ஆச்சு. எல்லா காரும் போச்சுன்னு அர்த்தம் இல்லை, நிறைய பேர் லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓட்டியிருக்காங்க. ஆனா அதே தலைமுறையில வந்த 911 டர்போவும் ஜிடி3யும் (ரேஸ் பக்கம் சாய்ஞ்ச 911) பழைய வழி இன்ஜினையே வச்சிருந்ததால அந்த பிரச்சனை அதுங்களுக்கு வரவே இல்லை, இன்னைக்கும் பழைய கார் மார்க்கெட்ல அந்த இன்ஜினுக்கு தனி மரியாதை, விலையும் வேற உயரத்துல. ஒரு பேரிங்ல எத்தனை மார்க் மிச்சமாச்சோ, அந்த பேரிங்கால போன நம்பிக்கையோட விலை அதைவிட பல மடங்குன்னு தான் சொல்வேன். பவரை குறைச்சு வித்தா கஸ்டமர் மன்னிப்பான், இருக்குற பவரை தாங்காத பார்ட்டை வச்சா மன்னிக்க மாட்டான்.

கம்பெனி நிமிர்ந்ததும் என்ன பண்ணாங்கன்னு பாக்கணும். 2002ல வோக்ஸ்வாகனோட சேர்ந்து செஞ்ச கயென் எஸ்யூவி வந்துச்சு, 2003ல கரேரா ஜிடி, 5.7 லிட்டர் வி10, 612 ஹார்ஸ்பவர், மேனுவல் கியர் மட்டும். பிரான்ஸ்ல நடக்கற லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸுக்காக ஆரம்பிச்சு கைவிட்ட ப்ராஜெக்ட்ல இருந்து வந்த இன்ஜின். ரெண்டுமே லைப்சிக்ல இருக்குற ஒரே ஃபேக்டரியில செஞ்சது. எஸ்யூவியை திட்டுற போர்ஷே ரசிகர்கள் இன்னைக்கும் இருக்காங்க, ஆனா பாக்ஸ்டரும் கயெனும் இல்லைன்னா அந்த வி10 சத்தத்தை நாம யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

உங்க ரெண்டாவது கேள்வி கூர்மையாகற இடம் கேமன், அதாவது பாக்ஸ்டரோட மூடின கூரை வடிவம். 2005ல கேமன் எஸ் வந்தப்ப 295 ஹார்ஸ்பவர், அப்ப 911 கரேராவுக்கு 325. பொதுவா கூரை திறக்கிற கார் தான் விலை கூட இருக்கும், ஆனா மூடின கூரை கேமனை பாக்ஸ்டருக்கு மேல விலை வச்சு வித்தாங்க. நடுவுல இன்ஜின் இருக்கற சேஸி, பேலன்ஸ்ல 911ஐ விட நல்ல அமைப்பு, அதுக்கு பவரை எப்பவும் ஒரு படி கீழயே வச்சாங்க. 2015ல கேமன் ஜிடி4 வந்துச்சு, 911 கரேரா எஸ்ல (கரேராவை விட ஒரு படி மேல) 400 ஹார்ஸ்பவர் கொடுத்த 3.8 லிட்டர் இன்ஜினையே எடுத்து வச்சு 385ன்னு கொடுத்தாங்க. அந்த 15 எங்க போச்சுன்னு கேக்குற ஒவ்வொருத்தரோட வருத்தத்துலயும் எனக்கும் பங்கு உண்டு. இங்க இன்ஜினியர் போட்ட எல்லையை விட விலைப் பட்டியல் போட்ட எல்லை தான் பெருசா தெரியுது, இது லாபம் பக்கம் கொஞ்சம் அதிகமாவே சாய்ஞ்ச முடிவு. ஆனா அதே கார்ல ஜிடி3யோட முன் ஆக்சில் கொடுத்தாங்க, மேனுவல் கியர் மட்டும் கொடுத்தாங்க, அதனால வாங்க வரிசை நின்னுச்சு.

டர்போ வந்தப்புறம் இந்த கணக்கு இன்னும் மாறிடுச்சு. 2015 கடைசியில வந்த 911 கரேராவும் கரேரா எஸ்ஸும் ஒரே 3 லிட்டர் இன்ஜின், ஒண்ணு 370, இன்னொண்ணு 420. டர்போவோட கம்ப்ரசர், எக்ஸாஸ்ட், மென்பொருள், கூடவே பிரேக், வீல்னு சிலது மாறும். அந்த 50 ஹார்ஸ்பவரை செய்ய ஆகுற செலவும் அதுக்கு கேக்குற விலையும் பக்கத்துல பக்கத்துல கூட வராதுன்னு எஸ்டிமேஷன் பாக்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முன்னாடி பவர் கூட்ட பெரிய இன்ஜின், புது வார்ப்பு, புது கிராங்க் வேணும். இப்ப பவர் மலிவு, அதனாலயே பவர் மட்டும் வச்சு காரை விக்க முடியாம போச்சு.

அதுக்கு சாட்சி 2016ல 718ங்கற பேர்ல வந்த புது பாக்ஸ்டர். புகை விதிகள் ஒரு பக்கம், சீனா மாதிரி இன்ஜின் அளவை வச்சு வரி போடுற நாடுகள் ஒரு பக்கம், ஆறு சிலிண்டரை எடுத்துட்டு நாலு சிலிண்டர் டர்போ வச்சாங்க, 2 லிட்டர்ல 300 ஹார்ஸ்பவர், 2.5 லிட்டர்ல 350, ரெண்டுமே பழசை விட 35 கூட. வேகமும் கூட. பேப்பர்ல எல்லாமே மேல, ஆனா ஸ்டார்ட் பண்ணதும் வர சத்தம் போர்ஷே மாதிரி இல்லைன்னு ரசிகர்கள் வருத்தப்பட்டாங்க, எனக்கும் அதே வருத்தம் தான். 2020ல 718 ஜிடிஎஸ்ல ஆறு சிலிண்டரை திரும்ப கொண்டு வந்தாங்க, 4 லிட்டர், டர்போ கிடையாது, 400 ஹார்ஸ்பவர். அந்த இன்ஜினும் 911 கரேராவோட 3 லிட்டர் டர்போ இன்ஜின் குடும்பத்துல இருந்து எடுத்தது தான், பாக்ஸ்டர், கேமன் வித்த எண்ணிக்கைக்கு மட்டும் தனியா ஒரு புது இன்ஜின் போடணும்னா எந்த ஃபைனான்ஸ் மேனேஜரும் அதுல கையெழுத்து போட்டிருக்க மாட்டார்.