வெள்ளை பூத்த வட்டம்

வணக்கம் அண்ணா,

சின்ன விமான மாடல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். இது என் மூன்றாவது கிட். 1/72 அளவில் ஹரிக்கேன் என்ற இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானம். 1944இல் இம்பாலில் பறந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் விமானமாகச் செய்துகொண்டிருக்கிறேன். பச்சையும் மண்நிறமும் அடித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. எனக்கே நம்ப முடியாத அளவுக்குப் பெயின்ட் நன்றாக வந்திருந்தது.

நேற்று இரவு டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் அச்சுச் சின்னங்களை, ஒட்டத் தொடங்கினேன். உடலின் இடப்பக்கத்தில் வரும் விமானப்படை அடையாள வட்டத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் படுத்தேன். ஈரமாக இருந்தவரை அவ்வளவு அழகு. காலையில் பார்த்தால் வட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம். சாய்த்துப் பார்த்தால் செல்லோடேப் ஒட்டியதுபோல மினுங்குகிறது. அந்த இடத்தில் உடற்பகுதி வரிவரியாக இருக்கிறதல்லவா, அதன்மேல் டெக்கால் கூடாரத் துணிபோலத் தூக்கி நிற்கிறது. பிய்த்துவிடலாமா என்று கை பரபரக்கிறது.

அலுவலக நண்பர் ஒருவர், "ஸ்டிக்கர் ஒட்டுவதற்கா இவ்வளவு பாடு? கையால் வரை, அதுதான் கலை" என்கிறார். அவர் சொல்வது சரியோ என்று தோன்றுகிறது. இன்னொரு கேள்வி என் மகளுடையது. அவள் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் வீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறாள். தோள்கவசத்தில் ஒட்டும் டெக்கால் எப்போதும் ஓரத்தில் மடிந்துபோகிறது. என்ன செய்ய?

க.,
ஈரோடு

*

அன்புள்ள க.,

அந்த வட்டத்தைப் பிய்க்காதீர்கள். அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். மற்ற டெக்கால்களைத் தாளிலேயே விட்டுவையுங்கள்.

டெக்காலிலும் பிழையில்லை, ஒட்டிய விதத்திலும் பிழையில்லை. மேட் பெயின்ட்டின் மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆற்றில் குளித்துவிட்டுக் கரையேறுகிறவரின் வேட்டியைப் பார்த்திருப்பீர்கள். நனைந்திருக்கும்போது தோலின் நிறம் தெரியும். வெயிலில் காயக் காய வெள்ளையாகிவிடும். துணியும் அதேதான், நூலும் அதேதான். நூல்களுக்கு இடையில் தண்ணீர் இருந்தவரை வெளிச்சம் தங்குதடையில்லாமல் உள்ளே போய்வந்தது. தண்ணீர் இருந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்ததும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உங்கள் வட்டம் இரவில் அழகாக இருந்து காலையில் வெளுத்ததும் இதனால்தான்.

மேட் பெயின்ட்டில் மிக நுண்ணிய பொடி, பெரும்பாலும் சிலிக்கா, கலந்திருக்கும். காய்ந்தபின் மேற்பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அது மினுங்காமல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளத்தில் டெக்கால் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு படுக்கிறது. பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது. மாடல் செய்கிறவர்கள் இதை சில்வரிங் என்பார்கள். கண் பூத்தது, தணல் நீறு பூத்தது என்கிறோமே, அந்த வழக்கில் நான் இதை வெள்ளை பூத்தல் என்று சொல்லிக்கொள்வேன். உங்கள் விமானத்தில் இருப்பதுபோன்ற அடர்பச்சையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆகவே டெக்காலுக்கு முந்தைய வேலைதான் டெக்கால் வேலையில் முக்கால் பங்கு. விமானம் முழுக்கப் பளபளப்புத் தரும் கிளாஸ் வார்னிஷ் அடியுங்கள். ஒரே பூச்சாகக் கனமாக அடிக்காமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக. தமியா நிறுவனத்தின் எக்ஸ்-22 என்ற தெளிந்த வார்னிஷ் போதும். மேற்கு நாடுகளில் ஒரு காலத்தில் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷை இதற்காகவே வாங்கி வைத்திருந்தார்கள். தானாகப் பரவிச் சமமாகும் எந்தத் தெளிந்த பூச்சும் இந்த வேலையைச் செய்யும். முடித்தபின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழலுரு இறக்கையில் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் இன்னொரு பூச்சு. பிறகு ஒரு நாள் முழுதும் தொடாமல் வையுங்கள். ஸ்பிரே டப்பாவில் அடிப்பதாக இருந்தால் மழைநாளைத் தவிர்த்துவிடுங்கள். நான் இருப்பது சென்னையில். ஒருமுறை ஐப்பசி மழையில் அவசரப்பட்டு அடித்தேன். காற்றின் ஈரம் பூச்சில் இறங்கி விமானம் முழுக்க மூடுபனி படிந்ததுபோல ஆகிவிட்டது. இரண்டு மாத வேலை அது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி ஒட்டுவது. டெக்கால் தாளின் மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய லாக்கர் படலம், படலத்தின் மேல் அச்சு. தண்ணீர் தாளின் வழியாக ஏறிப் பசையைக் கரைக்கிறது, படலம் விடுபடுகிறது. அந்தப் பசையில் கொஞ்சம் படலத்தோடு வந்தால்தான் ஒட்டும். அதனால் கிண்ணத்தில் மிதக்கவிட்டுக் காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடுத்து, ஒரு டைல்ஸ் துண்டின் மேல் வையுங்கள். ஒரு நிமிடம் போகட்டும். ஈரமான பிரஷால் மெல்லத் தள்ளினால் நகர வேண்டும். நகராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், விரலால் தேய்த்துக் கழற்றாதீர்கள். கழன்றதும் தாளோடு விமானத்தின் அருகே கொண்டுபோய், தாளிலிருந்து நேரே உரிய இடத்துக்கு வழுக்கிவிடுங்கள். இடுக்கி தாளைப் பிடிப்பதற்கு மட்டும்.

இரண்டு திரவங்கள் வேண்டும். அமெரிக்க மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் நீல லேபிள் புட்டி மைக்ரோ செட். ஒட்டும் இடத்தில் முன்னாலேயே தடவுவது. வினிகர் வாடை அடிக்கும். பரப்பை நன்றாக நனைத்து, டெக்காலை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். இடம் சரியானதும் டிஷ்யூவின் முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள். சிவப்பு லேபிள் மைக்ரோ சோல். இது படலத்தையே இளக்கிவிடும். இரண்டையும் மாற்றி எடுத்துவிடாமல் மேசையின் இரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீலத்துக்குப் பதில் வீட்டு வினிகரில் தண்ணீர் கலந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு, தவறில்லை. சிவப்பின் வேலையை வினிகர் செய்யாது.

உங்கள் ஹரிக்கேனுக்கு அந்தச் சிவப்புப் புட்டி இல்லாமல் தீராது. ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல. குழாய்ச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் மரச் சட்டங்கள் ஓட, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டிப் பூச்சுக் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த வரிகள் அந்தச் சட்டங்களின் முதுகெலும்பு. அந்தத் துணியின் மேல்தான் வட்டம் வரையப்பட்டிருந்தது. ஆகவே டெக்கால் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்க வேண்டும். கூடாரமாக நின்றால் அங்கே துணி இருந்த உண்மையே மறைந்துவிடுகிறது.

மைக்ரோ சோலை பிரஷால் தாராளமாக வைத்துவிட்டுக் கையை எடுங்கள். சில நிமிடத்தில் டெக்கால் சுருங்கும். காய்ச்சிய பாலை ஊதினால் ஆடை சுருங்குமே, அப்படி. முதல்முறை பார்ப்பவர் எல்லோரும் அந்தக் கணத்தில் பதறிப்போய் விரலால் நீவிவிடுகிறார்கள். அப்போது படலம் ஈரச் சோற்றைவிட மென்மையாக இருக்கிறது, தொட்டால் கிழியும். அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். காயும்போது தானாகவே இழுத்துக்கொண்டு படிந்துவிடும். அரை நாள் கழித்துப் பார்த்து, இன்னும் தூக்கியிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று முறை ஆகலாம். இதைவிட வீரியமான திரவங்கள் ஜப்பானிலிருந்து வருகின்றன. சில டெக்கால்களை அவை கரைத்தே விடும். எதை வாங்கினாலும் தாளில் வேண்டாத ஒரு டெக்காலில் சோதித்துப் பாருங்கள்.

அந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. பதினைந்து வருடம் பரணில் கிடந்த ஒரு தாளை நான் சோதிக்காமல் தண்ணீரில் விட்டேன். இருபது துண்டாக மிதந்தது. பழைய தாளென்றால் மேலே ஒரு தெளிந்த பூச்சுக் கொடுத்துக் காயவைத்து, பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். மஞ்சளித்திருந்தால் சில நாள் ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வையுங்கள், வெளுக்கும்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவின் சிங்கர் தையல் மெஷின் இருக்கிறது. கறுப்பு உடலில் பொன்னிறக் கொடிகள், நடுவே நிறுவனத்தின் பெயர். துணி உரசி உரசி முன்விளிம்பில் பொன்நிறம் தேய்ந்துவிட்டது. மேற்பக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்தக் கொடிகள் கையால் வரைந்தவை அல்ல. தாளில் அச்சடித்து இரும்புக்கு மாற்றி, மேலே வார்னிஷ் போட்டுக் காத்தவை. வீட்டில் பூப்போட்ட பீங்கான் தட்டு இருந்தால் அந்தப் பூவும் பெரும்பாலும் இப்படித் தண்ணீரில் நழுவவிட்டு ஒட்டி, சூளையில் சுட்டதாகத்தான் இருக்கும். அவற்றை யாரும் ஸ்டிக்கர் என்று சொல்வதில்லை. பரப்போடு ஒன்றிப்போனதால் சொல்லத் தோன்றுவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியதும் அந்த ஒன்றவைக்கும் வேலையைத்தான், அதற்குக் கை வேண்டும், கண் வேண்டும், பொறுமை வேண்டும். கையால் வரைவதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். வால்பக்கத்து வரிசை எண் அசல் விமானத்தில் 8 அங்குல உயரம். 1/72இல் அது 2.8 மில்லிமீட்டர். அதில் ஓர் எழுத்தின் கோடு தடித்தால் எழுத்தே மாறிவிடும்.

எழுத்தும் வட்டமும் மாறக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களில் வழக்கமாக நடுவில் இருக்கும் சிவப்பு இல்லை. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம். பறந்து கடக்கும் ஒரு நொடியில் சிவப்புப் பொட்டைக் கண்டால் சொந்த விமானத்தையே சுட்டுவிட நேரும். அதனால் கிழக்குப் போர்முனையில் சிவப்பையே எடுத்தார்கள். அமெரிக்கர்களும் 1942இல் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினார்கள். 1944இல் இம்பால் முற்றுகையின்போது முதலாம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங், பின்னாளில் 1965 போரில் விமானப்படைத் தளபதியாக இருந்தவர், அந்த நீல வட்டத்தோடுதான் மலைகளின் மேல் பறந்தார். உங்கள் மேசையில் இருக்கும் சின்ன வட்டம் அந்த இளைஞர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. அது செல்லோடேப் மாதிரி மினுங்கக்கூடாது.

மகளுக்கு. அவள் கையில் குறையில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். தட்டையான தாளை உருண்டையின் மேல் மடிப்பில்லாமல் போர்த்தவே முடியாது. உலகப்படம் வரைகிறவர்களின் பழைய தலைவலி அது. ஸ்பேஸ் மரீனின் தோள்கவசம் கிட்டத்தட்ட அரைக்கோளம். சின்னத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் படலத்தைப் புதிய பிளேடால் முடிந்தவரை வெட்டி நீக்கட்டும். பிறகு அச்சு இல்லாத இடங்களில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூன்று நான்கு சிறு வெட்டுகள். அல்ட்ராமரீன் என்ற படையணியின் தலைகீழ் ஒமேகா சின்னம் என்றால் அதன் திறந்த வாய்க்குள்ளேயே ஒரு வெட்டுப் போட இடமிருக்கிறது. தோளில் ஒட்டியதும் அந்த வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிக்கொள்ளும். சிவப்புப் புட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எல்லா டெக்கால்களும் காய்ந்தபின் ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்து, மறுபடி ஒரு கிளாஸ் பூச்சு, அதன்மேல் மேட் பூச்சு. நீங்கள் மூன்று வாரம் உழைத்துக் கொண்டுவந்த அந்த மங்கல் திரும்ப வந்துவிடும். இப்போது வட்டமும் அதே மங்கலுக்குள் இருக்கும்.

கடைசியாக அந்த இடப்பக்கத்து வட்டம். விமானத்துக்கு கிளாஸ் அடிக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மெல்லிய ஊசியால் வெளுத்த இடமெங்கும் நெருக்கமாகக் குத்துங்கள், அச்சின் மேலும்கூடக் குத்தலாம், துளை தெரியாது. வரிகளின் பள்ளத்தில் பிளேடு நுனியால் நீளவாக்கில் மெல்லக் கீறுங்கள். மேலே மைக்ரோ சோல். துளைகள் வழியாகத் திரவம் கீழே இறங்கும், காற்று வெளியேறும். மறுநாள் மீண்டும் குத்தி மீண்டும் வையுங்கள். நான்கைந்து நாள் இப்படிச் செய்தும் வெளுப்புப் போகவில்லையென்றால் மட்டும் மாஸ்கிங் டேப்பை அழுத்தி உரித்து எடுத்துவிடலாம். பச்சையில் கொஞ்சம் பெயர்ந்தால் தொட்டு அடித்துக்கொள்ளுங்கள். கிளாஸ் அடித்தபின் அடுத்த டெக்காலை வலப்பக்கத்தில் தொடங்காதீர்கள். விமானத்தைத் திருப்பி, இறக்கையின் அடியில் இருப்பதை முதலில் ஒட்டுங்கள். அங்கே பரப்பு தட்டையாக இருக்கும்.