ஒரே பிராசசர், வேறு வேறு ஸ்கோர்: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: கட்டடக்கலை படிக்கும் மகளுக்குப் போன மாதம் இன்டெல் ஐ5-1235யூ பிராசசர் உள்ள லேப்டாப் வாங்கினேன். பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை ஓட்டினால் மல்டி கோர் ஸ்கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாம் சேர்ந்து எடுப்பது) 6,100 வருகிறது. அவள் தோழியின் லேப்டாப்பிலும் அதே பிராசசர்தான், அதில் 8,300. சினிபெஞ்ச் 2024-இல் போட்டால் வெறும் 460! கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா? திருப்பிக் கொடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: முதலில் அந்த 460-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2023-இல் வந்த சினிபெஞ்ச் 2024-க்கு அளவுகோலே வேறு. அதன் ஸ்கோரை ஆர்23 ஸ்கோரோடு ஒப்பிடுவது, மீட்டரில் அளந்ததை அடிக்கணக்கோடு ஒப்பிடுவது மாதிரி.

6,100-க்கும் 8,300-க்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான விஷயம். உங்கள் பிராசசருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின்சக்தி 15 வாட். சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை ஏறலாம். ஏறிய பிறகு எத்தனை வாட்டில் நிற்க விடுவது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். தடிமனான உடலும் நல்ல ஃபேனும் இருந்தால் அதிகம் விடுவார். மெல்லிசான லேப்டாப் என்றால் சீக்கிரமே இழுத்துப் பிடித்துவிடுவார். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இதைச் சொல்வதே இல்லை. வாங்குபவரிடம் மறைக்கக் கூடாத தகவல் இது என்பது என் உறுதியான கருத்து.

நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'சிபியு பேக்கேஜ் பவர்' வரியை (பிராசசர் அப்போது இழுக்கும் வாட்) திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்சை ஓட்டுங்கள். படம் சின்னச் சின்னச் சதுரங்களாக நிரம்பும். உங்கள் பிராசசருக்கு ஒரே நேரத்தில் 12 சதுரங்கள் ஓடும். ஆரம்பத்தில் அவை விறுவிறுவென்று நகரும், வாட் உச்சியில் நிற்கும். பெரும்பாலும் அரை நிமிடம் போல ஆனதும் வாட் சட்டென்று இறங்கும், சதுரங்களும் தளர்ந்துவிடும். அதனால்தான் ஆர்23-இல் குறைந்தது 10 நிமிடம் ஓடும் சோதனை வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கோரை மட்டும் நம்புங்கள்.

தோழி அந்த 10 நிமிடச் சோதனையை ஓட்டினாளா, ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டாளா என்று கேளுங்கள். அப்புறம், இரண்டு லேப்டாப்பிலும் சார்ஜர் செருகியிருக்க வேண்டும், விண்டோஸ் பவர் மோடு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக இருக்க வேண்டும், பின்னால் குரோம், ஆன்டிவைரஸ் ஸ்கேன் எதுவும் ஓடக் கூடாது. மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். லேப்டாப்போடு வரும் தயாரிப்பாளரின் மென்பொருளில் ஃபேன் 'சைலன்ட்' என்று இருந்தால் மாற்றுங்கள். பல வீடுகளில் கோளாறே இதுதான்.

இன்னொன்று. கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் வேலை செய்யும். மகள் வரையும் நேரத்துக்கு சிங்கிள் கோர் ஸ்கோர்தான் முக்கியம். அது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வரைவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. மல்டி கோர் குறைவு, பிராசசரை வைத்து ரெண்டர் போடும்போதுதான் (வரைந்ததை நிஜம் போன்ற படமாக மாற்றும்போதுதான்) உறுத்தும்.

சரி, திருப்பிக் கொடுக்கலாமா? ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் கேட்டால் நிற்காது. தயாரிப்பாளர் எந்த ஸ்கோரையும் வாக்குக் கொடுத்து விற்பதில்லை. ஆனால் சிபியு-இசட் மென்பொருளில் தெரியும் பிராசசர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் விடவே விடாதீர்கள். கடையில் பேசிப் பாருங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். பெயர் சரியாக இருந்து, ஃபேன் சுற்றாமல் சூடு மட்டும் 95, 100 டிகிரியில் நின்றால் அது வாரன்டி வேலை. ஓடும்போதே திரையை போட்டோ எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.