தச்சு வேலை தெரியாதவர் சமையலறைக்கு மர மேடை செய்ய முடியுமா?

முடியும். நான் இரண்டு செய்திருக்கிறேன். முதல் மேடையின் மேல்பலகை வெடித்துப்போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுவரை ஒட்டாமல் சமையலறை நடுவில் நிற்கிற மேடையைத்தானே கேட்கிறீர்கள்? சுற்றிலும் மூன்றடியாவது இடம் விடுங்கள். உயரம், அங்கே அதிக நேரம் நிற்கப்போகிறவரின் முழங்கையிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே. எங்கள் அம்மாவுக்கு 33 அங்குலம் வந்தது.

கால்களுக்கு, இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு நிலைச் சட்டங்களை வாங்கினேன். நன்றாகக் காய்ந்த மரம், அதிகம் முறுக்காது. உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். காந்தம் ஓட்டிப் பார்க்காமல் அறுக்காதீர்கள். கால்களை மேலே சுற்றிவரும் சட்டத்தோடு இணைக்க, ஒன்றில் துளையும் மற்றதன் முனையில் அதற்குள் நுழையும் கழுந்தும் எடுக்க வேண்டும். அது உடனே கைவராது, வீண் கட்டைகளில் பழகுங்கள். பசை இறுகும் முன் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கோணல் இல்லை.

இனி மேல்பலகை. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டடி அகலத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடப் போகும். நான் ஐப்பசி மழையில் பசையும் திருகும் போட்டு நாலு பக்கமும் இறுக்கிவிட்டேன். சித்திரையில் ஒரு ராத்திரி படீரென்று சத்தம். விளக்கைப் போட்டால், பலகை நடுவே நீள விரிசல். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் தடவிப் பார்த்தார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

அடுத்த மேடையில் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே பசையே போடவில்லை. சட்டத்தில் திருகு ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, வாஷர் வைத்து, அளவாக முடுக்கினேன். பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைத்தது. மூன்று கோடை தாண்டிவிட்டது, ஒரு கீறல் இல்லை.

அப்புறம், தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது உலராது, சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் நல்லது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் ‘டபுள் பாயில்டு’ வகையில் சீக்கிரம் உலர உலோகச் சேர்மானம் இருக்கலாம், அதனால் சமையலுக்கு விற்பதையே வாங்குங்கள். உலர நாளாகும், பொறுமையாக மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். துடைத்த துணியை மட்டும் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.